கம்பி எண்ணிய காலம்

ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். அம்மா மண்டபம் படித்துறையில் முங்கிக் குளித்துக்கொண்டிருப்பவர்கூட ஈர வேட்டியோடு கரையேறி வந்து யோசனை சொல்வார். கிணறு எந்த மூலை, வாசக்கால் எந்த மாதம், செங்கல் எந்தக் காளவாய், எம்-சாண்ட் யார் லாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர் உண்டு. இத்தனை பேரில் ஒருவர்கூட, "ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் யாரு?" என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. என்ஜினியர் என்றால் என்ஜினியர்தானே, அதில் என்ன உட்பிரிவு?

எங்கள் பக்கத்தில் மாநகராட்சிக்குப் பிளான் வரைந்து கொடுப்பவர் என்ஜினியர். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டித் தருகிற காண்ட்ராக்டரும் என்ஜினியர். தினம் பைக்கில் வந்து நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற காண்ட்ராக்டரின் மச்சான் சைட் என்ஜினியர். முகப்பைக் கம்ப்யூட்டரில் போட்டு, நம்மிடம் இல்லாத காரையும் திருச்சி வானத்தில் இல்லாத மேகத்தையும் சேர்த்துத் தருகிறவர் எலிவேஷன் என்ஜினியர். இவ்வளவு என்ஜினியர்கள் சூழ இருந்தும், பில்லர் எத்தனை அங்குலம், உள்ளே எந்தக் கம்பி, எத்தனை கம்பி என்பதை முடிவு செய்கிறவர் யார் என்று பார்த்தால், மேஸ்திரி.

"ஒம்பதுக்கு ஒம்பது பில்லர், நாலு பன்னெண்டு எம்எம் கம்பி, எட்டு எம்எம் ரிங்கு. ரெண்டு மாடி அசையாம நிக்கும் சார்."

மனை எங்கே, மண் எப்படி, மேலே என்ன வரப்போகிறது என்று எதையும் கேட்காமல் எங்கள் மேஸ்திரி சொன்ன தீர்ப்பு இது. பக்கத்துத் தெரு வீட்டுக்கும் இதே தீர்ப்புதான். மணப்பாறையில் அவர் கொழுந்தியாள் வீட்டுக்கும் இதேதான். நானும் தலையாட்டினேன். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் நான். பாய்லருக்கு வந்த இரும்புக்கெல்லாம் பில் பாஸ் செய்திருக்கிறேன் என்பதால், இரும்பு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு. அந்த இரும்பை ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அரசாங்கம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் ஆர்க்கிடெக்ட், பதிவு பெற்ற பொறியாளர், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர், மண்ணைப் பார்க்கிற ஜியோடெக்னிக்கல் என்ஜினியர் என்று ஆளாளுக்குத் தனித்தனி இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் சுயசான்று முறையும் வந்துவிட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. சுயசான்று என்று கேட்டதுமே எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒவ்வொரு ஜெராக்ஸுக்கும் கெஸட்டட் ஆபீசர் கையெழுத்துக்கு அலைந்து வளர்ந்த தலைமுறை ஐயா! என் பீமுக்கு நானே சான்று கொடுக்கலாமென்றால் சும்மாவா? "விதிப்படி கட்டுவேன்னு நீங்க அரசுக்குக் கொடுக்கிற வாக்குப்பா அது. வீடு நிக்கும்னு அரசு உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு இல்ல" என்று பெங்களூரிலிருந்து மகன் போனில் விளக்கினான். விளக்கியதோடு விட்டானா? ஸ்ட்ரக்சுரல் டிசைன் கையில் வராமல் வங்கித் தவணைக்குப் பணம் அனுப்பமாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். எனக்குப் பொறியியலில் நம்பிக்கை பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

வந்தவர் துவாக்குடி என்.ஐ.டி.யில் எம்.டெக் முடித்த ஒரு பெண். தலையில் ஹெல்மெட், கையில் டேப். மேஸ்திரி என்னைத் தனியே அழைத்து, "பாப்பா எந்த ஸ்கூலு சார்?" என்றார்.

கட்டணம் பேச உட்கார்ந்தோம். இதற்கு முன் வாஸ்துக்காரருக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, அதன்மேல் பணம் என்று வைத்துக் கொடுத்திருந்தேன். வாசல் கேட்டின் உச்சியில் வைக்க இரண்டு இரும்பு மயில்களுக்கு, மயிலுக்கு இவ்வளவு என்று சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்திருந்தேன். ஸ்ட்ரக்சுரல் டிசைன் கட்டணம் அந்த இரண்டு மயில்களுக்கும் கீழேதான் வந்தது. பேரம் பேசினேன். மயில் கண்ணுக்குத் தெரியும். இவர் தரப்போவது காகிதம், அதுவும் கான்கிரீட் போட்டதும் எல்லாம் உள்ளே போய் மறைந்துவிடும்.

"எல்லாத்தையும் இப்ப கம்ப்யூட்டரே போட்டுடுதாமேம்மா?"

"ஆமா சார். பில்லும் கம்ப்யூட்டரே பாஸ் பண்ணிடும்னு கேள்விப்பட்டேன்."

கேட்ட தொகையைக் கொடுத்தேன்.

முதலில் மண் பரிசோதனை என்றார். மேலூர் சாலைப் பக்கம் எங்கள் மனை. ஒரு காலத்தில் வாழைத்தோப்பு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற தீவில் மண்ணை என்ன பரிசோதிப்பது? தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் தண்ணீர். இதைச் சொல்ல எம்.டெக் எதற்கு என்று நினைத்தேன். ஒரு முக்காலியை நட்டார்கள். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி விடுவார்கள். தொம்! அடியில் இருக்கிற குழாய் மண்ணுக்குள் இறங்கும். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் சேராது. அதற்கப்புறம் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ண வேண்டும். அடி கூடக் கூட மண் கெட்டி என்று அர்த்தம். எண்ணுகிற வேலை என்றதும் என் கை சும்மா இருக்குமா? நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். தெருவே கூடிவிட்டது. "போர் எத்தனை அடி? தண்ணி உப்பா, நல்லதா?" என்று விசாரித்தார்கள். மண்ணைப் பரிசோதிக்கிறோம் என்றதும், ஸ்வீட் பாக்ஸ் கிடையாதென்று தெரிந்தவர்களாகக் கலைந்து போனார்கள்.

மேல் மண் நாலைந்து அடிகளிலேயே சரணடைந்தது. தோப்பில் மக்கிய மண், அதன்மேல் மனையை மேடாக்கக் கொட்டிய கட்டட இடிபாடு. இதில் பில்லரை நிறுத்தினால் ஒரு பக்கம் இறங்கும், ஒரு பக்கம் நிற்கும், நடுவில் சுவர் விரியும் என்றார் என்ஜினியர். அதையெல்லாம் தாண்டி, இறுகின மணல் வருகிற ஆழத்தில்தான் பில்லருக்குக் கால் போட வேண்டும். எல்லாப் பில்லரையும் கீழே ஒரு பெல்ட் பீம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குழியின் ஆழம் கூடுகிறது என்றதும் மேஸ்திரி சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தார். "கல்லணை நிக்குதா இல்லையா? கரிகாலன் எந்த சாயில் டெஸ்ட்டுமா எடுத்தான்?"

நான் மேஸ்திரியைப் பெருமையோடு பார்த்தேன். சரியான அடி.

"எடுத்தார் அண்ணே" என்றார் அந்தப் பெண். ஆற்று மணலில் கல்லைப் போட்டார்கள். கல் மணலுக்குள் இறங்கியது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. இனி இறங்காது என்று கல்லே நின்ற பிறகுதான் மேலே கட்டினார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுகிற இந்த வித்தையை ஆர்தர் காட்டன் இங்கே பார்த்துப் படித்துக்கொண்டு போய்த்தான் கோதாவரியில் அணை கட்டினாராம். "அதே முறையில நம்ம வீட்டையும் கட்டலாம். முதல் ரெண்டு மூணு வீடு மண்ணுக்குள்ள போயிடும். அதுக்கு மேல கட்டுறது நிக்கும். சார், பட்ஜெட் இருக்கா?"

மேஸ்திரி பீடி பற்றவைக்க ஒதுங்கினார். அன்றைக்குப் 'பாப்பா' போய் 'மேடம்' ஆயிற்று.

அடித்தளம் என்றால் என்ன என்று ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து விழுந்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது. வண்டிகள் ஏற்கெனவே புதுப் பாலத்துக்கு மாறிவிட்டதால் பிழைத்தோம். காலடி மணலை ஆறு அரித்துக்கொண்டு போனதில் கால் போயிற்று. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பில், 1836-இல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் தண்ணீரோடு போயின. இரண்டையும் நேரில் போய்ப் பார்த்து, செல்போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி, "அஸ்திவாரம் முக்கியம்" என்று கீழே எழுதியவன் நான்தான். அது பாலத்துக்கும் அணைக்கும். நம் வீட்டுக்கு ஒன்பதுக்கு ஒன்பது போதும்.

அடுத்த சண்டை கூடத்தில். வரைபடத்தில் நடுக்கூடத்துக்குப் பக்கமாக ஒரு பில்லர் வந்தது. என் மனைவி அதைப் பார்த்த பார்வையில் பில்லரே நகர்ந்திருக்க வேண்டும். "நடுவீட்டுல தூணா? டிவி எப்படிங்க தெரியும்?" இத்தனைக்கும் நாங்கள் ஆயிரங்கால் மண்டபத்து ஊர்க்காரர்கள். எண்ணினால் 953 தூண்தான் இருக்கிறது என்பார்கள். அவ்வளவு தூண்களையும் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, சொந்த வீட்டில் ஒன்றே ஒன்று என்றால் பொறுக்கவில்லை.

என்ஜினியர் அந்த மண்டபத்தையே எடுத்துக்கொண்டார். கல்லைப் பாரத்தால் அமுக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், வளைத்தால் விரிந்துவிடும். அதனால்தான் ஒரு கல் உத்திரம் அதிக தூரம் பாயாமல் நாலடிக்கொரு தூண் வைத்தார்கள். கான்கிரீட்டும் கல்லின் ஜாதிதான். வளைகிற இடத்தில் இழுவையைத் தாங்கக் கம்பியை உள்ளே வைப்பதால் கொஞ்சம் தூரம் பாய முடிகிறது, அவ்வளவே. "பில்லரை எடுத்துடலாம் சார். பதினெட்டு அடி ஒரே பாய்ச்சலா பீம் வரும். ஆழம் கூடும், கூடத்துல தொங்குற மாதிரி தெரியும்."

பீம் தொங்கக் கூடாது என்றார் வாஸ்துக்காரர். பீமுக்குக் கீழே உட்கார்ந்தால் மன உளைச்சலாம். பில்லரும் கூடாது, பீமும் கூடாது, ஆனால் ரூஃப் மட்டும் வேண்டும். அந்த ரூஃபின் எடை என்ன என்று என்ஜினியர் ஒரு சீட்டில் போட்டுக் காட்டினார். ஒரு கன மீட்டர் கான்கிரீட் கம்பியோடு 2,500 கிலோ. ஐந்து அங்குல ரூஃப் ஆயிரம் சதுர அடிக்குப் போட்டால் சுமார் 29 டன். கோவில் யானை ஆண்டாளுக்கு மூன்று டன் என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டாள்கள் தலைக்கு மேல் வரிசையாக நிற்கிறார்கள். நாங்கள் குடிவருவதற்கு முன்னாலேயே! அதற்கப்புறம் டைல்ஸ், சுவர், பீரோ, மொட்டை மாடியில் 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அது ஒரு இரண்டு டன். பத்து யானை என்றதும் மன உளைச்சல் பீமுக்கு அடியிலிருந்து எனக்கு இடம் மாறிவிட்டது. பில்லர் போய் பீம் வந்தது. பீமை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போட வேண்டுமென்று மனைவி சொல்ல, அதற்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரும் என்ஜினியர்தான்.

கம்பி வந்து இறங்கிய பிறகு என் காலம் பிறந்தது. கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். பன்னிரண்டு எம்எம் என்றால் 144 வகுத்தல் 162, மீட்டருக்கு 888 கிராம் சொச்சம். இந்தச் சூத்திரம் கிடைத்ததும் எனக்குப் பழைய ஆபீஸ் திரும்பிக் கிடைத்தது. எடைமேடைச் சீட்டு ஒரு கையில், கால்குலேட்டர் ஒரு கையில். தெருவில் போகிறவர் எவராவது "என்ன சார், ரிட்டையர் ஆகி என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "கம்பி எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பேன். ஒருவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எண்ணியதில் பாசம் வந்து, பீமுக்குக் கூடுதலாகச் சில பதினாறு எம்எம் கம்பி வைக்கச் சொல்லிவிட்டேன். குழந்தைக்கு ஒரு பிடி கூட ஊட்டினால் கெடுதலா? மேஸ்திரியும், "ஐயா மனசு தங்கம்" என்றார். என்ஜினியர் வந்தார், பார்த்தார், எடுக்கச் சொன்னார். கம்பி நெருக்கமாகப் போனால் நடுவில் ஜல்லி இறங்காது, பீமுக்குள் பொந்து விழும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டாம். கம்பி அளவாக இருந்தால், பாரம் மிஞ்சுகிறபோது முதலில் கம்பி இழுபடும். பீம் தொய்ந்து, விரிசல் காட்டி, "எழுந்து ஓடு" என்று சொல்லிவிட்டுத்தான் விழும். கம்பி அளவுக்கு மிஞ்சினால் கான்கிரீட் முதலில் நொறுங்கும்; சொல்லாமல் கொள்ளாமல் விழும். "நீங்க தப்பிக்கிறதுக்கு டைம் கொடுக்குற மாதிரிதான் சார் டிசைன் பண்ணுவோம்." தாராளத்தால் வீடு இடிகிற ஆபத்து என் குடும்பத்தில் யாருக்கும் இதுவரை வந்ததில்லை என்று மனைவி சாட்சி சொன்னாள்.

ரிங்கின் கொக்கி வேறு. மேஸ்திரி ஆட்கள் நுனியை 90 டிகிரியில் மடக்கியிருந்தார்கள். 135 டிகிரி, நுனி உள்ளே பார்த்து இருக்க வேண்டும் என்று என்ஜினியர் சொல்லி, அத்தனையும் மறுபடி வளைந்தன. நில அதிர்ச்சியில் 90 டிகிரி கொக்கி திறந்துகொள்ளுமாம். "திருச்சிக்கு ஏதும்மா நில அதிர்ச்சி?" என்று கேட்கலாமென்று வாய் திறந்தேன். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவரும் அதையே கேட்கவிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்று வெளியே தெரிவதில் எனக்கு வெட்கம் வரத் தொடங்கியிருந்தது.

ரூஃப் கான்கிரீட் நாள். விடியற்காலையிலேயே கலவை மெஷின் உறுமல். தேங்காய் உடைத்து, டீயும் மெதுவடையும் சுற்றி வந்தன. எங்கள் ஊரில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் அளவு என்பது மெஷின் ஓட்டுகிறவரின் மனோநிலை. கலவை இளகலாக இருந்தால் தள்ளச் சுலபம், தானே ஓடும். என்ஜினியர் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று சொல்லி, வாளியில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு மெஷின் பக்கத்திலேயே நின்றார். கூடுகிற ஒவ்வொரு லிட்டரும் காய்ந்து ஆவியாகிப் போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை; அவ்வளவு பலம் குறைவு. பெயின்ட் கோட்டுக்கும் மேஸ்திரிக்கும் மத்தியானம் வரை பனிப்போர் நடந்தது.

பால்கனிதான் அன்றைய உச்சகட்டம். சாதாரண ரூஃபுக்கு நடுவில் அடிப்பக்கம் இழுபடும்; கம்பி அடியில். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனிக்கு மேல்பக்கம் இழுபடும்; கம்பி மேலே. அந்த மேல்கம்பியை 'சேர்' என்கிற வளைத்த கம்பிகளில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஜல்லிச் சட்டியோடு வந்த ஆட்கள் வழியென்று நினைத்து அதன்மேலேயே நடந்தார்கள். கம்பி அமுங்கிப் போய்ச் சென்ட்ரிங் பலகையைத் தொட்டது. அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். வேலை நின்றது, கம்பிகள் தூக்கிக் கட்டப்பட்டன, நடக்கத் தனியாகப் பலகை போட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகும் என்று பிறகு கேட்டேன். "முட்டு பிரிக்கிற அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் சார்" என்றார். அந்தப் பால்கனியில்தான் சாய்வு நாற்காலி போட்டு ராஜகோபுரம் பார்ப்பதாக என் திட்டம்.

ராஜகோபுரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விஜயநகரத்தார் காலத்தில் அடிநிலையோடு நின்றுபோய், நானூறு வருஷம் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது அது. 1987 மார்ச்சில்தான் 13 நிலை, 236 அடி என்று நிறைந்து குடமுழுக்குக் கண்டது. அந்தப் பழைய அடிநிலை இவ்வளவையும் தாங்குமா என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள் இல்லையா? அவர்களிடம் யாராவது தள்ளுபடி கேட்டிருப்பார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

ரூஃப் போடுகிறபோது இடையில் 15 சென்டிமீட்டர் இரும்பு அச்சுகளில் கான்கிரீட் கட்டிகள் எடுத்து வைத்தார்கள். ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் லேபில் உடைத்துப் பார்க்க. காசு கொடுத்துக் கட்டி, காசு கொடுத்து உடைப்பார்களா என்று மனைவி கேட்டாள். கணக்குப் பிரிவில் இருந்தவனிடம் இதற்குப் பதில் இல்லை.

சொல்ல விட்டுப்போனது ஊஞ்சல். வடக்கு உத்திர வீதியில் என் மாமனார் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தில் பித்தளைச் சங்கிலி ஊஞ்சல். பாகப்பிரிவினையில் மனைவி பங்குக்கு வந்தது அதுதான். கூடத்தில் அது தொங்காமல் குடிவரமாட்டேன் என்றாள். ரூஃப் போடுவதற்கு முன்பே கொக்கியைப் பீமின் கம்பியோடு மாட்டிவிட வேண்டும் என்றார் என்ஜினியர். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரே நேரத்துல எத்தனை பேர் உட்காருவாங்க? அவங்க வெயிட் என்ன?"

ஊஞ்சல் சும்மா நின்றால் ஒரு எடை. நாற்பத்தைந்து டிகிரி வீசி ஆடினால் கீழே வரும்போது சங்கிலியில் அதைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கும். அறுபது டிகிரி என்றால் இரண்டு மடங்கு. அதனால் ஆட்கள் விவரம் வேண்டும். சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு எடை கேட்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. பெரிய கொழுந்தியாள் போனை வைத்துவிட்டார், இன்னும் எடுக்கவில்லை. திருவானைக்காவல் அத்தை மட்டும் பெருந்தன்மையாக ஓர் எண் சொன்னார். அவர் கல்யாணத்துக்கு முந்திய எண்ணாக அது இருக்கலாம். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தில் ஒரு மூலையில், 'ஊஞ்சல் கொக்கி: நால்வர்' என்று பதிந்தது.

கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களெல்லாம் மயிலைப் புகழ்ந்தார்கள். டைல்ஸைக் காலால் தேய்த்துப் பார்த்தார்கள். ஃபால்ஸ் சீலிங்கில் எத்தனை விளக்கு என்று எண்ணினார்கள். அத்தை ஊஞ்சலில் அமர்ந்தார். சம்பந்தியம்மா பக்கத்தில் அமர்ந்தார். அப்புறம் ஒருவர், அப்புறம் இருவர், நகர்ந்து உட்காரச் சொல்லி இன்னொருவர். மடியில் ஆளுக்கொரு குழந்தை. அத்தை லாலி பாட ஆரம்பித்து, தரையில் காலை ஊன்றி ஒரு உந்து உந்தினார். நான் பந்தியில் இருந்த என்ஜினியரிடம் ஓடினேன்.

"அம்மா, ஆறு பேர்! ஆறு பேர் ஏறிட்டாங்க!"

அவர் அக்காரவடிசிலிலிருந்து தலையெடுக்கவில்லை. "பயப்படாதீங்க சார். அத்தை வெயிட்டை நீங்க குறைச்சுத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். சேர்த்துத்தான் போட்டிருக்கேன்."

லாலி சட்டென்று நின்றது.